கல்வாழை பூத்தும் பூ வைக்காத வருடம்

முதல் உறைபனி விழுந்த அடுத்த நாள் காலையில் கல்வாழையைப் பார்த்திருக்கிறீர்களா? முந்தின நாள் வரைக்கும் ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது, விடியப் பார்த்தால் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கும். மணமும் அவித்த கீரை மணம்தான். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து ஒருவரும் கவலைப்படுவதில்லை. கிழங்கு கிண்டுகிற நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, முள்ளுக்கரண்டி மண்வெட்டியைத் தண்டிலிருந்து தள்ளிக் குத்தி நெம்பி, மண்ணை உதறி, நாலைந்து நாள் கராஜில் காயவிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கிக் குளிரான இடத்தில் வைக்க வேண்டும். உறையவும் கூடாது. சூடும் கூடாது.

போன மாதம் என் பெரியப்பா கண்ணை மூடி மோசம் போன அன்றும் நான் இந்தக் குளிர் நாட்டில், லவால் என்கிற ஊரில் எங்கள் பின்வளவில் கிழங்குதான் கிண்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத வந்தது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. கோயிலுக்குப் போவேன், விளக்கு வைப்பேன், வேலைக்குப் போவேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போலச் சின்ன வயதில் இந்த ஊருக்கு வந்து, இப்போது தலை நரைத்துப்போய், குளிர்காலம் வந்தால் முழங்கால் நோகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஏதாவது ஒன்றை உங்களிடம் மூடித்தான் வைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மூடி வைத்தது அப்பாவின் சாவை. அப்பா ஊரில் செத்தது ஆவணியில். அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்தது மார்கழியில். இடையில் கிடந்த மாதங்கள்தான் என் ஞாபகத்தில் எல்லாவற்றையும் விடத் துலக்கமாக இருக்கின்றன. ஏனென்று தெரியவில்லை. அந்த மாதங்களில் ஒன்றுமே நடக்கவில்லை.

நாங்கள் வந்தது வைகாசி முடிகிற நேரம், அம்மாவும் நானும் மட்டும். எனக்குப் பத்து வயது. பயண ஒழுங்கு இரண்டு பேருக்குத்தான் சரிவந்தது. “நீங்கள் முதல் போங்கோ, நான் பின்னாலை வாறன்” என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவின் வயிற்றில் அப்போது மூன்று மாதம். அப்பாவின் தமையன் எங்களுக்கு முன்னமே வந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தார். அவர்தான் பெரியப்பா. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. மேல்மாடி வீடு. வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். கிரேக்கத்துப் பெண்மணி, எப்போதும் கறுப்பு உடுப்பு. புருஷன் செத்த நாளிலிருந்து அந்த நிறம்தானாம். பின்வளவு முழுக்க அவருடைய தக்காளியும் முந்திரிகை என்கிற திராட்சைக் கொடியும். வேலியோரம் ஒரு துண்டு நிலத்தை மட்டும் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

பெரியப்பாவுக்கு டோர்வலில் விமான நிலையத்தைத் துப்புரவு செய்கிற வேலை. வாசலில் பாத்தி கட்டிப் பூஞ்செடி நட்டிருப்பார்களாம். குளிர் தொடங்க, அதையெல்லாம் பிடுங்கிக் குவித்துவிடுவார்களாம். நாங்கள் வருவதற்கு முந்தின வருடம், அந்தக் குவியலில் கல்வாழைக் கிழங்கைக் கண்டு, ஒரு குப்பைப் பை நிறைய அள்ளிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கூட வேலை செய்த எங்கள் ஆள் ஒருவர் பகிடி பண்ணினாராம்: “என்ன அண்ணை, மரவள்ளியோ? அவிச்சுச் சம்பலோடை தின்னப் போறியளோ?” ஊரில் கல்வாழையை ஒருவரும் கிண்டி எடுப்பதில்லை, அது கிணற்றடியில் தன்பாட்டில் கிடக்கும் என்று நினைத்துப் பாதியை வேலியோர மண்ணில் புதைத்து விட்டிருக்கிறார். அது முழுக்க அழுகிப்போனது. மற்றப் பாதிக்கு மேல்வீட்டில் இடம் காணாததால், வீட்டுக்கார அம்மாவைக் கேட்டுக் கீழே முன்படிக்கட்டுக்கு அடியில் இருந்த குளிர் அறையில் போட்டிருக்கிறார். அது பிழைத்தது.

நாங்கள் வந்த கிழமை அதை நட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா மேலே பின் பல்கணியில் கதிரை போட்டு இருந்தார்.

“இது என்னெண்டு சொல்லு பாப்பம், தம்பி.”

“இஞ்சி.”

“இஞ்சியோ! வடிவாப் பாரடா.”

“கல்வாழையெண்டு சொல்லு, தம்பி” என்றது மேலிருந்து அம்மாவின் குரல்.

“கேட்டுது, கேட்டுது” என்றார் பெரியப்பா, நிமிராமல். “அம்மா சொன்னது சரியெண்டு சொல்லு.”

அப்படித்தான் அவர்கள் இருவரும் கதைப்பார்கள். புருஷனின் தமையனோடு அம்மா நேரே முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். எனக்குச் சொல்வது போல அவருக்குச் சொல்வார். அவரும் எனக்குச் சொல்வது போலத்தான் பதில் சொல்வார். நான் பக்கத்தில் இல்லையென்றால் சுவருக்குச் சொல்வார்கள். இந்தப் பழக்கம் உங்களுக்கு விளங்கும். என் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சமைக்கிற குசினியில் ஒரு அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டுச் சாமித்தட்டாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளையார், முருகன், இலட்சுமி, ஒரு சின்னப் பித்தளை விளக்கு. ஆடி மாதம் முதல் பூ வந்தது. நல்ல சிவப்பு. பெரியப்பா வேலையால் வந்து, குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு இரும்புப்படி இறங்கிப் போய் ஒரு பூவை மட்டும் கிள்ளி வந்து முருகனுக்கு வைப்பார். அம்மா பின்னால் நின்று கும்பிடுவார். அவர் வாய்க்குள் சொல்வது எனக்குக் கேட்கும். “அவர் சுகமா வந்து சேரவேணும். பிள்ளை பிறக்க முதல் வரவேணும்.” ஒவ்வொரு நாளும் அதே இரண்டு வசனம். பூ இருக்கும் மட்டும் ஒரு நாளும் தவறாமல் வைக்க வேண்டும் என்று அம்மாவின் நேர்த்தி.

ஆவணியில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் குசினி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தேன். பெரியப்பா எடுத்தார். “ஓம்” என்றார். பிறகும் “ஓம்” என்றார். பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். வைத்துவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே படிக்குப் போனார். திரும்பி வந்து நேரே குளியலறைக்குள் போனார். காலையில்தான் குளித்தவர். திருப்பியும் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தார். அவர் வெளியே வந்ததும் பெரியம்மா போய்க் குளித்தார். ஈரத் தலையோடு இருவரும் குசினியில் நின்றார்கள். வெக்கைக்குக் குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று நல்ல வெக்கைதான்.

ஊரில் அவருடைய தம்பிக்காரன், என் அப்பா, சைக்கிளில் போய்க்கொண்டிருக்க வீதியில் ஷெல் விழுந்தது என்பதுதான் செய்தி. அது எனக்குப் பின்னர்தான் தெரியும்.

அன்று பொழுதுபட விளக்கு வைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பெரியம்மா தன் பழைய நூல் சீலை ஒன்றைக் கிழித்துச் சாமித்தட்டுக்கு முன்னால் திரையாகக் கட்டினார். மண்ணிறத்தில் மஞ்சள் கரை. அந்தச் சீலைத்துண்டு பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. கரை மட்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

“ஏன் விளக்கு வைக்கேல்லையெண்டு பெரியப்பாவைக் கேள், தம்பி.”

பெரியப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வீட்டுக்காரி ஏலாதெண்டு சொல்லிப்போட்டா. ஊதுபத்திப் புகை கீழை போகுதாம். பலகை வீடு, விளக்கும் ஏத்தக்கூடாதாம். கொஞ்ச நாளைக்குப் பொறுப்பம் எண்டு சொல்லு.”

“பூ வைக்கவும் அவ விடமாட்டாவோ எண்டு கேள்.”

அவர் செருப்பைக் காலில் மாட்டினார். “விளக்கில்லாமல் என்ன பூ” என்றார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். துடக்கு. சொந்தத் தம்பி செத்துப் போனான். சாமித்தட்டைத் தொடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து துடக்குக் கழிக்க வேண்டும். ஆனால் அந்தக் கிரியையைச் செய்ய வேண்டியவன் மகன். மகன் நான். என்னிடம் சொன்னால் அம்மாவிடம் சொன்ன மாதிரி. அம்மாவோ வயிற்றுப்பிள்ளையோடு நின்றார். பெரியப்பா சாமி விஷயத்தில் ஒரு மயிரிழை விலகாத மனிதர். கிரியை நடக்காத வரைக்கும் துடக்குக் கழியாது என்று தட்டை மூடியே வைத்துவிட்டார். புரட்டாதியும் போனது, ஐப்பசியும் வந்தது. ஆளுக்கு முன்னால் பொய் சொல்ல அவரால் முடிந்தது. சாமிக்கு முன்னால் முடியவில்லை.

வீட்டில் மீன் சமைப்பது நின்றது. இந்த நாட்டு மீன் நாறுகிறது என்றார் பெரியம்மா. பெரியப்பா சவரம் செய்யவில்லை. தாடி வெள்ளையும் கறுப்புமாக வளர்ந்தது.

“பெரியப்பா சாமியாராப் போகப் போறாரோ எண்டு கேள்” என்றார் அம்மா, சிரித்துக்கொண்டு.

“குளிருக்குக் கம்பளி வாங்க வக்கில்லை, அதுதான் வளக்கிறன் எண்டு சொல்லு.”

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றார்.

அம்மா யாழ்ப்பாணத்துப் பெண். மூடின சாமித்தட்டு, மீனில்லாத சட்டி, தாடி. இந்த மூன்றும் என்னவென்று தெரியாதவர் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் அப்போதே தெரிந்திருக்குமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. வேறொரு நாட்டில், அவர்களின் வீட்டில், அவர்களின் சட்டம் என்றுதான் நினைத்திருப்பார். வந்த புதிதில் எங்களுக்கு எல்லாமே தடைதானே. படியில் சத்தம் போடக்கூடாது, பல்கணியில் உடுப்புக் காயப்போடக்கூடாது, இரவில் மிளகாய் வறுக்கக்கூடாது. அதோடு இதுவும் ஒன்று.

ஒரு நாள் கீழே பந்து எடுக்கப் போனபோது வீட்டுக்கார அம்மாவின் குசினி யன்னலால் பார்த்தேன். மூலையில் மாதா படம், அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“அவவின்ரை வீடு, அவ வைப்பா” என்றார் அம்மா.

கல்வாழை அந்த வருடம் பூத்தது போல நான் பிறகு கண்டதில்லை. தட்டுக்குக் கிள்ளுவாரில்லாமல் பூ பெரும்பாலும் அப்படியே நின்று வாடி, முள்ளு முள்ளாய்க் காய் வைத்தது. காய் வெடித்தால் உள்ளே துவக்குச் சன்னம் மாதிரிக் கறுத்த, கல்லுப் போன்ற விதை. நான் அவற்றை ஒரு பால்மா ரின்னில் சேர்த்து வைத்தேன்.

அம்மா நேர்த்தியை விடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சூட்கேஸின் மூடியில், உள்துணிப் பைக்குள் ஒரு சின்ன முருகன் படம் வைத்திருந்தார். காலையில் என்னைக் கீழே அனுப்பி ஒரு பூ எடுப்பிப்பார். கதவைச் சாத்திவிட்டுச் சூட்கேஸைத் திறந்து படத்துக்கு முன்னால் வைப்பார். விளக்கு இல்லை, புகை இல்லை, வீட்டுக்காரிக்கும் குற்றமில்லை. அதே இரண்டு வசனம் சொல்வார். பிறகு மூடியை மெதுவாகச் சாத்துவார். பூக்கள் உள்ளே காய்ந்து கறுத்தன. எறியமாட்டார். சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போடக்கூடாது, அப்பா வந்த பிறகு எல்லாவற்றையும் ஆற்றில் விடலாம் என்றார்.

ஐப்பசியில் உறைபனி விழுந்தது. பெரியப்பா லீவு போட்டுவிட்டுக் கிழங்கு கிண்டினார். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் இரண்டு கை கொள்ளாத அளவு கொத்தாக இருந்தது. நான் மண் தட்டினேன். மேலே பல்கணியில் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“எல்லாத்தையும் பத்திரமா வைக்கச் சொல்லு, தம்பி. அப்பா வந்து நடுவார்.”

பெரியப்பா மண்வெட்டியை மண்ணில் குத்திவிட்டு, மிதிக்காமல் அப்படியே நின்றார். பிறகு மிதித்தார். “ஓமெண்டு சொல்லு” என்றார்.

குளிர் அறைக்குள் நானும் அவரும் கிழங்கு அடுக்கினோம். கட்டிட முன்படிக்கு அடியில் சீமெந்துச் சுவர், மேலே ஒரு தொங்குவிளக்கு. உருளைக்கிழங்கு மணமும் வீட்டுக்கார அம்மாவின் வைன் பீப்பாய்ப் புளிப்பும். பெரியப்பா ஒவ்வொரு கிழங்கையும் துணியால் துடைத்துத் தாளில் சுற்றினார். நாலைந்து சுற்றியதும் கவிழ்த்த வாளியில் குந்தினார். கையில் ஒரு கிழங்கை வைத்துக்கொண்டு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. தாடி ஈரமாக இருந்தது. வெங்காயமும் அங்கேதான் கட்டித் தொங்கியது, அதனால் என்று நினைத்தேன்.

“அப்பான்ரை குரல் ஞாபகம் இருக்கோ, தம்பி?”

“ஓம்.”

“எப்பிடிக் கூப்பிடுவர்?”

அப்பா கூப்பிடுகிற மாதிரி என் பெயரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிடுவார். பெரியப்பா தலையாட்டினார்.

“சரி. அந்தத் தாளைத் தா.”

அவ்வளவுதான். தம்பிக்காக அவர் கொண்டாடிய துக்கம் அந்த அறைக்குள் அன்றைக்குக் கொண்டாடியதுதான் என்று இப்போது விளங்குகிறது. எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, கட்டிப்பிடித்து அழ ஆளில்லை. அப்போது எனக்குக் குளிர்ந்தது. மேலே போக வேண்டும் போல இருந்தது.

கார்த்திகையில் தங்கச்சி பிறந்தாள். அப்பா வரவில்லை. “விசா சுணங்குதாம்” என்றார் பெரியம்மா. பெரியப்பா என் பால்மா ரின்னை வாங்கி, மூடியை ஒட்டிக் கம்பி கட்டி, கல்வாழை விதை உள்ளே உருளுகிற கிலுகிலுப்பை ஒன்று செய்து கொடுத்தார். நல்ல சத்தம், மழை கூரையில் விழுகிற மாதிரி. வீடு மாறியபோது அது எங்கேயோ தவறிவிட்டது.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிகிற முப்பத்தோராம் நாள் மார்கழியில் வந்தது. வெளியே முழங்கால் அளவு ஸ்னோ. அம்மா தலைக்கு முழுகி, பொட்டு வைத்து, தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்தார். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கார அம்மா வந்தார். பிள்ளைக்கு மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்று பின்னிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அதற்குள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போல உடைந்ததுதான், அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும்.

“தம்பி, அவவைக் கேள்” என்றார் அம்மா. “இண்டைக்குப் பிள்ளைக்கு நல்ல நாள். இண்டைக்கு ஒருநாள் மட்டும் ஒரு விளக்குக் கொளுத்தட்டோ எண்டு கேள். புகை வராதெண்டு சொல்லு.”

பெரியம்மா, “விடு பிள்ளை, பேந்து கேப்பம்” என்றார். பெரியப்பா கதிரையிலிருந்து எழும்பினார். நான் அதற்குள் கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: “தான் ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லையாம். தானும் விளக்கு வைக்கிறவவாம். எங்கடை ஊதுபத்தி மணம் தனக்குத் தங்கடை கோயில் மாதிரி இருந்ததாம். கோடையிலை திடீரெண்டு நிண்டு போச்சு, ஏனெண்டு தான் யோசிச்சவவாம்.”

குசினிச் சூடாக்கி டிக் டிக்கென்று அடித்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் கரைச் சீலையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் தாடியைப் பார்த்தார். நாங்கள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவரை நேரே முகம் பார்த்தார். என்னிடம் சொல்லாமல், சுவரிடம் சொல்லாமல், அவரிடமே கேட்டார்.

“ஆர்?”

பெரியம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். அம்மாவுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எப்ப?”

“ஆவணியிலை” என்றார் பெரியப்பா.

அம்மா தங்கச்சியைப் பெரியம்மாவின் மடியில் கிடத்தினார். அறைக்குள் போய்ச் சூட்கேஸ் மூடிப் பையிலிருந்து காய்ந்த பூக்கள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். கறுத்த தாள் மாதிரிச் சரசரத்தன.

“இவ்வளவையும் நான் துடக்கோடை சாமிக்கு வைச்சிட்டன்.”

பெரியப்பா இரண்டு கையையும் தலையில் வைத்தார். பாவம் வரக்கூடாது என்று தட்டுக்குச் சீலை கட்டின மனிதர். “வயித்திலை பிள்ளையோடை நிண்டனீ. நான் எப்பிடியம்மா சொல்லுறது?”

“சாமிக்கு மறைக்கேல்லை” என்றார் அம்மா. “எனக்குத்தான் மறைச்சனீங்கள்.”

சத்தம் போடவில்லை. அழவுமில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, தன் கறுப்புச் சட்டையின் கையைத் தொட்டுக் காட்டினார். அம்மா தலையாட்டினார். மஞ்சள் தொப்பி மேசையில் காய்ந்த பூவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கிரியையை அந்தக் கிழமையே செய்தோம். ஐயர் சொல்லச் சொல்ல நான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பாவின் முகத்தை நினைக்கச் சொன்னார். குரல்தான் வந்தது. பெரியப்பா தாடியை வழித்தார். தட்டுச் சீலையைக் கழற்றினார்கள். அம்மா அதன் பிறகும் அந்த வீட்டில் சமைத்தார், பெரியப்பாவுக்குச் சாப்பாடு போட்டார். ஆனால் என்னிடம் சொல்லி அவருக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

சித்திரையில் பெரியப்பா குளிர் அறையைத் திறந்தார். கிழங்கு எல்லாம் முளை கட்டியிருந்தது. நட்டார். யூலை முதலாம் திகதி, இந்த ஊரே வீடு மாறுகிற அன்று, நாங்களும் கோத்-தெ-நேஜில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். இரும்புப்படி அடியில் ஒரு வாளியில் இரண்டு கல்வாழை, வேரும் மண்ணுமாகக் கிண்டி வைத்திருந்தது. அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினார்.

இப்போது எங்கள் வளவில் நிற்பது அதன் வழி வந்ததுதான். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திவசத்துக்குப் பெரியப்பா வருவார். வாழையிலை கிடைக்காத வருடங்களில் கல்வாழை இலையில்தான் படைத்தோம். அவர் சாப்பிட்டுக் கை கழுவி, போகிற வழியில் செடியைப் பார்த்துவிட்டுப் போவார். அம்மா வாசல் வரை வந்து நிற்பார். ஆனால் அந்தப் பூவை அம்மா பிறகு ஒருநாளும் சாமிக்கு வைத்ததில்லை. செடியிலேயே நிற்கும். இலை மட்டும் எடுப்போம்.

போன மாதத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான். நெஞ்சில் தையல். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். நான் லீவில் நின்று அம்மாவையும் பார்த்துக் கிழங்கும் கிண்டிக்கொண்டிருந்தேன். லொங்குய்யில் இருக்கிற தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணா, பெரியப்பா மோசம் போயிட்டார். காலமைதானாம், நித்திரையிலை.”

நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கேக்குதே? அம்மாட்டை இப்ப சொல்லாதை. டொக்டர் அதிர்ச்சி குடுக்கவேண்டாமெண்டவர். தையல் காயட்டும்.”

“செத்தவீட்டுக்கு?”

“நானும் நீயும் போவம். வேலையெண்டு சொல்லு. ரெண்டு கிழமைக்குப் பேந்து ஆறுதலாச் சொல்லுவம்.”

அவளுக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அவள் அப்போது வயிற்றில் இருந்தவள். “சரி” என்றேன். உண்மையாகவே சரியென்றுதான் நினைத்தேன். அம்மாவின் நெஞ்சு பிளந்து தைத்த நெஞ்சு. ஏதாவது நடந்தால்?

கிழங்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போய்க் குளித்தேன். மத்தியானத்தில் அம்மாவின் மருந்துக்கு முன்னால் விளக்கு வைப்பது வழக்கம். அம்மா சாமித்தட்டுக்கு எதிரே கதிரையில் இருந்தார். நான் நெருப்புப்பெட்டியை எடுத்தேன். பெரியப்பா என்றால் அப்பாவின் இரத்தம். எனக்குத் துடக்கு. கொளுத்தினால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவராது. இரண்டு கிழமைக்கு அப்படியே கொளுத்திக்கொண்டு போகலாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை போகவில்லை. முருகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலமை குளிச்சனியெல்லே” என்றார் அம்மா பின்னாலிருந்து. “திருப்பி ஏன் குளிச்சனி?”

மண் என்று சொல்லியிருக்கலாம். கிழங்கு கிண்டினேன், ஊத்தை என்று. நான் நெருப்புப்பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா என் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர்?”

“பெரியப்பா.”

அம்மாவின் கை நெஞ்சுத் தையலில் போய் இருந்தது. நான் மருந்துப் போத்தலைப் பார்த்தேன், தொலைபேசியைப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

“எப்ப?”

“இண்டைக்குத்தான் அம்மா. காலமை.”

“இண்டைக்கோ?”

“ஓம்.”

அவர் கையை நெஞ்சிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கும் இல்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“இண்டைக்கே சொல்லிப்போட்டாய்.”

நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டார்.

“கிழங்கு வெளியிலையே கிடக்கு?”

“ஓம்.”

“சாமித்தட்டை மூடிப்போட்டுப் போய் எடுத்து வை. இரவைக்குத் திருப்பியும் உறையும்.”

மூடினேன். போய் எடுத்து வைத்தேன்.